மலைக்குப் பட்டா எது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

பல்கேரியாவில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் சில படங்கள் அனுப்பியிருந்தான். பெர்னிக் என்ற ஊரில் ஜனவரிக் குளிரில் நடக்கும் சுர்வா விழா. ஆண்கள் ஆட்டுத்தோல் போர்த்தி, பயமுறுத்தும் முகமூடி மாட்டி, இடுப்பில் கனத்த மணிகளைக் கட்டிக்கொண்டு தெருவில் குதித்து ஆடுகிறார்கள். கெட்டதை விரட்டி நல்ல விளைச்சலைக் கூப்பிடுவதாக நம்பிக்கை. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா. அடுத்த படத்தில் தலைநகர் சோஃபியாவை ஒட்டி நிற்கும் விட்டோஷா மலை. கீழே எழுதியிருந்தான்: "சார், நம்ம மதுரைப் பக்கம் இந்த மாதிரி என்ன இருக்கு? மீனாட்சி கோயில், ஜிகர்தண்டா தவிர?"

கேள்வி நல்ல கேள்வி. வகுப்பில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை! அவனுக்கு எழுதிய பதிலைத்தான் உங்களுக்கும் விரித்து எழுதுகிறேன்.

முதலில் முகமூடி. மேலூர் பக்கம் வெள்ளலூரில் ஏழைகாத்த அம்மன் திருவிழா புரட்டாசியில் நடக்கும். சுற்றியுள்ள 60 கிராமங்களுக்குப் பொதுவான விழா. ஏழு சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து அம்மனாகவே வணங்குவார்கள். விரத நாட்களில் அந்த ஊர்களில் குழம்பு தாளிக்க மாட்டார்கள், கறி எடுக்க மாட்டார்கள், பச்சை மரத்தை வெட்ட மாட்டார்கள். கடைசி நாளில் பெண்கள் மதுக்கலயம் சுமந்து வர, ஆண்கள் உடம்பு முழுக்க வைக்கோல் பிரி சுற்றி, முகமூடி போட்டு நடந்து வருவார்கள். பெர்னிக்காரரையும் வெள்ளலூர்க்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பங்காளி என்றுதான் சொல்வீர்கள். அங்கே தோல், இங்கே வைக்கோல். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது மலை. எங்கள் விளாங்குடி மாடியில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். இப்போது மாடிகள் உயர்ந்து பாதி மறைந்துவிட்டது, அது வேறு கதை. விளாங்குடி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து நாங்களும் நகரத்துக்காரர்கள். ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான் ஏறி இறங்கிய மலைகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது.

சமணர் மலையிலிருந்து ஆரம்பியுங்கள். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பிரிந்தால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனைக்குப் பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே வட்டெழுத்தில், இதைச் செய்வித்தவர் இன்னார் என்று எழுதியிருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நன்கொடை ரசீது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அய்யனாரைக் கும்பிடுகிறவர்களும் அந்தப் படியில் ஏறுகிறார்கள், மகாவீரரைப் பார்க்க வருகிறவர்களும் அதே படியில்தான் ஏறுகிறார்கள். என் 67 வயது முழங்காலே ஏறுகிறது என்றால் உங்களுக்கு என்ன?

மேலூர் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கினால் யானைமலை. யானை படுத்திருப்பது போலவேதான் இருக்கும். அடிவாரத்து நரசிங்கம் குடைவரையைத் தோண்டியவர் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி. ஆண்டு 770. வேலை முடியுமுன் அவர் காலமாக, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மாசிப் பௌர்ணமியில் இங்கே கஜேந்திர மோட்ச விழா. யானை வடிவ மலையின் அடியில் யானைக்கு மோட்சம் கொடுக்கும் விழா. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அழகர்மலையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கி, வழியெல்லாம் மண்டகப்படி கண்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை ஏற்று, பௌர்ணமியன்று வைகையில் இறங்குவதை உலகமே பார்க்கிறது. அந்தக் காலத்தில் அவர் இறங்கிய இடம் எங்கள் சாலையிலேயே சமயநல்லூர் அருகில் உள்ள தேனூர். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் இந்த விழாவையும் சித்திரையில் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். ஆனால் ஐப்பசியில் இன்னொரு விழா நடப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அது தைலக்காப்பு. அன்றைக்கு அழகர் கீழே வருவதில்லை, மலை மேல் ஏறுகிறார். ராக்காயி அம்மன் இருக்கும் நூபுரகங்கைக்குப் போய் நீராடித் திரும்புகிறார். மற்ற நாளிலும் அவருக்குத் திருமஞ்சனம் அந்தத் தண்ணீரில் மட்டும்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

நான் மேலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 11 வருடம் சமூக அறிவியல் எடுத்தேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு கரடு இருந்தது. பெரிய மலை இல்லை, பனைமரம் இரண்டு மூன்று உயரம் இருக்கும். பிள்ளைகள் ஆடு மேய்ப்பார்கள், சறுக்கி விளையாடுவார்கள். மழை பெய்தால் பாறையில் வழியும் தண்ணீர் நேரே கீழே இருந்த ஊருணிக்கு வரும். அதில் கோயில் இல்லை, கல்வெட்டு இல்லை, திருவிழா இல்லை. ஊரில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை, "கரடு" என்பார்கள். ஒருநாள் லாரி வந்தது. பிறகு தினமும் மத்தியானம் வெடிச் சத்தம். கரும்பலகையில் எழுதும்போது கை அதிரும். நான் மாறுதலாகி வரும்போது கரடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று தடுப்பதே எங்களுக்கு வேலையாகிப் போனது. ஊருணிக்கு வரத்தும் நின்றது.

அந்தக் கரட்டைக் கேட்க ஏன் யாரும் வரவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வருவாய்க் கணக்கில் பெரும்பாலான மலைகள் புறம்போக்கு, இல்லாவிட்டால் தீர்வை ஏற்படாத தரிசு. வயலுக்குப் பட்டா உண்டு. மலைக்கு? நான் கண்ட பதில் இது: மலைக்குப் பட்டா மனிதர்களின் கால்தடம். வருடத்துக்கு ஒரு முறையாவது ஊர் கூடி ஏறுகிற மலையைத் தொட யோசிப்பார்கள். யாரும் ஏறாத மலை ஜல்லியாகும்.

உதாரணம் இருக்கிறது. 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை'யைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக ஒரு மலைக்குப் போவது, தொல்லியல் அறிஞர்கள் அங்கேயே பாடம் சொல்வது. பல்கேரியாவிலும் இதே கதைதான். அலெகோ கான்ஸ்தாந்தினோவ் என்ற எழுத்தாளர் 1895 ஆகஸ்டில் சுமார் 300 பேரைக் கூட்டிக்கொண்டு விட்டோஷாவின் 2,290 மீட்டர் உச்சிக்கு ஏறினார். அந்த நாட்டில் மலையேற்ற இயக்கம் பிறந்த நாளாக அதைச் சொல்கிறார்கள். 1934இல் அந்த மலை பாதுகாக்கப்பட்ட பூங்காவானது. முதலில் கால், பிறகு சட்டம்.

அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஏழு மலைகள், குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, ஆனைகொண்டான் கண்மாய், வல்லூறுகள். பக்கத்து மீனாட்சிபுரத்து மலையில் மாங்குளம் கல்வெட்டுகள். நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் அந்தத் தமிழ் எழுத்தின் வயது 2,000 ஆண்டுக்கு மேல். 1882இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேயர் அதை வெளி உலகத்துக்குச் சொன்னார். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மந்தைகளில் ஊர் கூடியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தும் வண்டியிலும் வந்தார்கள். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒரு ஊரில் பேசியது பத்து ஊருக்கு இவ்வளவு வேகமாக எப்படிப் போனது என்று கேட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. திருவிழாவுக்கு எந்த வழியில் சொல்லி அனுப்புவார்களோ அந்த வழியிலேயே இதையும் சொல்லி அனுப்பினார்கள். யார் வீட்டில் சொல்ல வேண்டும், எந்த மந்தையில் கூட வேண்டும், யார் முன்னால் நடக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பல தலைமுறையாகப் பழகிய விஷயம்.

கல்வெட்டு மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். கீழவளவுக்குப் போய்ப் பாருங்கள். பஞ்சபாண்டவர் மலையில் தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் இருப்பதால் அந்தத் துண்டு நிற்கிறது. சுற்றிலும் இருந்த குன்றுகள் கிரானைட் கல்லாகக் கப்பல் ஏறிவிட்டன. அறிவிப்புப் பலகை அந்த எல்லையோடு நின்றுவிடும். கால்தான் அடுத்த குன்றுக்கும் போகும்.

அதனால் என் வேண்டுகோள். கொடைக்கானலுக்குப் போங்கள், முடிந்தால் பல்கேரியாவுக்கும் போங்கள். ஆனால் வருடத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை நம் மலைகளுக்குக் கொடுங்கள். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள், ஒன்பதுக்குப் பாறை சுட ஆரம்பித்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய் போதும். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். சிற்பத்தில் சுண்ணாம்பு தடவாதீர்கள், பெயரைச் செதுக்காதீர்கள். அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, அந்த மலைக்கு என்ன பெயர், மழைத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பத்து வயதில் ஏறிய மலையை நாற்பது வயதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். வாத்தியார் அல்லவா, விட மனசு வராது. உங்கள் ஊரில் ஒரு கரடோ குன்றோ இருக்கும். அதன் பெயர், எந்த மாதத்தில் அங்கே என்ன விழா, யார் ஏறுகிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். பெயரே இல்லை என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வந்து எழுதுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் வருகிற ஞாயிறு பிள்ளைகளோடு ஏறிப் போய் நீங்களே ஒரு பெயர் வைத்துவிட்டு வாருங்கள்.