நீல் தீவின் உச்சி வானம்

அந்தமானில் பகல் சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்தரைக்கே சூரியன் கடலில் இறங்கி, ஏழு மணிக்குள் கும்மிருட்டாகிவிடுகிறது. ஷஹீத் தீவு என்று இப்போது பெயர் மாறியிருக்கும் நீல் தீவுக்குப் பவளப்பாறை பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. நான் சித்திரை அமாவாசையை ஒட்டி வானம் பார்க்கப் போனேன்.

சீதாபூர் கடற்கரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்தேன். மணி ஒன்பதரை. உச்சியைத் தாண்டி மேற்கே சாய்ந்திருந்தது உத்திர நட்சத்திரம். நீட்டிய கையின் முட்டி அகலத்துக்கு அதன் கிழக்கே பைனாகுலரைத் திருப்பித் தேடினால், கடைசியில் ஒரு சாம்பல் பொட்டு அகப்பட்டது. நேராகப் பார்த்தால் மறைகிறது, ஓரக்கண்ணுக்குத்தான் தெரிகிறது. எம்87 என்னும் விண்மீன் மண்டலம். இந்தத் தீவின் நடு உச்சிக்கு ஒரு நிலா அகலம் மட்டுமே வடக்கே தள்ளி அது கடந்து போகிறது. சென்னைக்கும் கிட்டத்தட்ட உச்சியில்தான் போகிறது, தெருவிளக்குகள் காட்டிக்கொடுப்பதில்லை.

அந்த ஒளி கிளம்பி ஐந்தரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் நடுவே 650 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. 2019-ல் உலகமே படமாகப் பார்த்தது அதைத்தான். அதைச் சுற்றிச் சுழலும் பொருளில் ஒரு பங்கு உள்ளே விழாமல், காந்தப்புலத்தில் சிக்கித் தாரையாக வெளியே பீறிடுகிறது. 1918-லேயே ஹீபர் கர்டிஸ் புகைப்படத் தட்டில் அதை ஒரு நேர்கோடாகக் கண்டுவிட்டார். நீளம் சில ஆயிரம் ஒளியாண்டு. ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றித் திருகும்போது ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. எதிர்ப்பக்கத் தாரை நம்மைவிட்டு விலகி ஓடுவதால் மங்கிவிடுகிறது. ஆகவே ஒரு பக்கம்தான் தெரிகிறது.

விடுதியில் சமைக்கும் மதுரைக்கார அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த அலைகளை நம் ஊட்டியில் பிடிக்கிறார்கள் என்றேன்.

"ஊட்டியிலயா சார்? நம்ம ஊட்டியிலயா?"

அதே ஊட்டிதான். நீல் தீவின் அட்சரேகையிலிருந்து அரைப் பாகைகூட விலகாத ஊர். முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-ல் எழுப்பிய தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காக நிறுத்தினார்கள். சரிவும் அட்சரேகையும் ஒன்றானதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். இதைவிட அழகான பொறியியல் யோசனையை நான் அறியேன். தொலைதூர ரேடியோ மண்டலங்களையும், கருந்துளையின் ஆற்றலில் ஒளிரும் மண்டல மையங்களான குவாசர்களையும் நிலா மறைக்கும் கணத்தை அளந்து அவற்றின் இடத்தையும் அளவையும் கணித்தார்கள். 3சி 273 என்னும் குவாசரை 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் இதே முறையில்தான் பிடித்தார்கள். மறு ஆண்டு மார்ட்டின் ஷ்மிட் அதன் தொலைவைக் கண்டறிந்தபோது குவாசர் என்றால் என்னவென்று புரியத் தொடங்கியது.

ஒரு மணி நேரத்தில் தெற்கே, அடிவானத்துக்கு முப்பத்தைந்து பாகை மேலே, சென்டாரஸ் ஏ என்னும் இன்னொரு விண்மீன் மண்டலம் வந்து நின்றது. பைனாகுலரில் சிறு மங்கல். ஆனால் தாரைகள் ஊதிப் பெருக்கிய அதன் ரேடியோ மடல்கள் வானில் எட்டுப் பாகை நீளம். பதினாறு முழுநிலாக்களை வரிசையாக வைக்கலாம். எங்கிருந்து எங்குவரை என்று விரலால் காட்டினேன். அண்ணன் கையை நீட்டி முட்டியால் அளந்து பார்த்தார். பிறகு, "இருங்க சார், வீட்டுக்காரியக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று எழுந்து ஓடினார்.