கியர் விழாத கார்

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா ஒரு முதலாளியின் பழைய காருக்கு டிரைவர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் வண்டியில் கியர் விழவில்லை. "கியர்பாக்ஸையே இறக்கணும். எல்லாம் டிரைவர் ஓட்டின லட்சணம்" என்றார் மெக்கானிக். செலவைச் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

ராத்திரி நான் போய்ப் பார்த்தேன். இன்ஜினை அணைத்தால் எல்லா கியரும் விழுந்தது. ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் விழவில்லை. ரிவர்ஸ் கரகரவென்று கத்தியது. அப்படியென்றால் குற்றம் கியர்பாக்ஸில் இல்லை, கிளட்ச் முழுசாக விடவில்லை! பெடல் பாதி தூரம் சும்மாவே போனது. குனிந்து பார்த்தால், கிளட்ச் கேபிளில் பாதி இழை அறுந்து, மீதி நீண்டு தொங்கியது.

காலையில் புது கேபிள் மாட்டினேன். நட்டைத் திருகி, பெடலில் சுமார் 20 மி.மீ. ஃப்ரீ ப்ளே வைத்தேன். அதுவும் இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கும், பிளேட் தேயும்.

அப்பா உட்கார்ந்து போட்டார். சத்தமில்லாமல் முதல் கியர் விழுந்தது. அவர் என்னைப் பாராட்டவில்லை. "நீயும் வாடா, முதலாளிகிட்ட நீயே விவரமா சொல்லு" என்றார்.

பாஸ் மார்க்குக்காக நான் மனப்பாடம் செய்த பாடம், நண்பர்களே, அது!