ஒரு தளம் மட்டும்

கணினி முழுவதுமே பழுதுபட்டுக் கிடந்தால் மனிதன் அதைச் சகித்துக்கொள்கிறான். மின்சாரம் நின்றுவிட்டதென்றோ, இணையத் தொடர்பு அறுந்துவிட்டதென்றோ தெரிந்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போய்விடுகிறான். ஆனால் செய்தித்தாள் வருகிறது, வங்கிக் கணக்கு வருகிறது, பேரப்பிள்ளை பாடி அனுப்பிய காணொளி வருகிறது, தான் தேடிப் போன ஒரே ஒரு தளம் மட்டும் வர மறுக்கிறது என்னும்போது உண்டாகும் மனக்கலக்கம் வேறு விதமானது. எல்லோருக்கும் பொதுவான குறைக்குக் காரணம் கேட்க யாருக்கும் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. தனியாக ஒன்று மறுக்கப்படும்போதுதான் மறுத்தவர் யார், எதற்காக மறுத்தார் என்ற கேள்வி பிறக்கிறது.

சுங்கை சிப்புட்டில் நான் குடியிருக்கும் தாமானில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தோட்டப் பள்ளியிலேயே எழுத்தறிந்து, அத்தகைய பள்ளிகளிலேயே ஆயுளின் பெரும்பகுதியைப் படிப்பித்துக் கழித்தவர். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்ததையும், லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியானதையும் நேரில் கண்டவர். பழைய தமிழ் நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்திருக்கும் தளம் ஒன்று அவருடைய முதுமைக்கால ஆனந்தம். ஈப்போவில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காத நூலெல்லாம் தம் வரவேற்பறையிலேயே கிடைப்பதை ஒரு பாக்கியமாகவே அவர் கருதி வந்தார். 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அந்தத் தளம் திடீரென்று வராமற்போயிற்று. “தம்பி, லைன் நல்லாத்தான் இருக்கு, இது ஒண்ணுதான் வரமாட்டேங்குது. கவர்மெண்டுல அடைச்சிட்டாங்களா?” என்று கேட்டார்.

பழைய புத்தகங்களை அரசாங்கம் எதற்காக அடைக்கப் போகிறது என்று அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி காலையில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; எல்பில் தோட்டத்தின் பெயர் சரித்திரப் புத்தகங்களில் ஏறியதும் அந்தக் காலையில்தான். அதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடங்கியதும், ஊரடங்கும், அரிசிக் கட்டுப்பாடும், சாலை நடுவே சோதனையும் ஆசிரியருடைய பால்யத்தின் அன்றாட அனுபவங்கள். வழி அடைபட்டால் அதற்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்கும் என்று அந்தத் தலைமுறை நினைப்பது பிரமையன்று.

அண்மைக்காலமும் அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிடவில்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், தன் 3ஆம் பிரிவிலேயே, இச்சட்டத்தின் எந்த வாசகத்தையும் இணையத் தணிக்கைக்கு அனுமதி அளிப்பதாகப் பொருள்கொள்ளலாகாது என்று விதித்திருக்கிறது. இருந்தும் 2015 ஜூலையில் ‘சரவாக் ரிப்போர்ட்’ என்ற செய்தித்தளம், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் நடவடிக்கையால் இந்நாட்டு வாசகர்களுக்கு எட்டாமற்போயிற்று. ஆட்சி மாறிய 2018 மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே ஆசிரியரின் கேள்வி கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் ஒரு சந்தேகத்துக்கு நியாயம் இருப்பது வேறு, அது குறிப்பிட்ட ஓரிடத்தில் மெய்யாவது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள தூரத்தைப் பரிசோதனையால்தான் கடக்க வேண்டும்.

முதல் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதே வீட்டு வைஃபையில் அவருடைய கைப்பேசியைக் கொண்டு அதே முகவரியைக் கேட்டோம். தளம் உடனே வந்துவிட்டது. தளமும் உயிரோடிருக்கிறது, நாட்டுத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை, கோளாறு பெரும்பாலும் இந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவருக்குப் பாதி நிம்மதி வந்தது. மீதிப் பாதிக்கு விளக்கம் கேட்டார். ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று பழகிய ஆசிரியர், காரணம் தெரியாமல் கிடைத்த தீர்வில் திருப்தி அடைவதில்லை.

ஒரு தளத்தை நாம் பெயரால் கேட்கிறோம். கணினிகளோ ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறுவதே முதற்காரியம். முற்காலத்தில் பல தோட்டங்களில் தொழிலாளிக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கே வந்து சேரும். இந்தப் பெயருக்குரியவன் எந்த லயத்தில் எந்த வீட்டில் இருக்கிறான் என்று கிராணி சொன்னால்தான் அது கைக்குப் போகும். இணையத்திலும் ஆதியில் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. கலிபோர்னியாவிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் அதைத் தொகுத்துக் காத்து வந்தது. எல்லாக் கணினிகளும் அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டன. பெயர்கள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு தாங்கமாட்டாமல், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், ஒருவரிடமே எல்லாப் பெயரும் குவிந்திராமல் பலரிடம் பிரிந்து கிடக்கும்படியான பெயர் முறையை வகுத்தார். இன்றுவரை உலகம் அதைக் கொண்டே இயங்குகிறது. பழைய பட்டியலின் எச்சமாக ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு கோப்பு ஒவ்வொரு கணினியிலும் இப்போதும் ஒளிந்திருக்கிறது. தீய நிரல் ஏதேனும் அதற்குள் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அந்த ஒரு தளம் மட்டும் திசைமாறிப் போகும். திறந்து பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பெயரைக் கேட்டோம், எண் சரியாகவே வந்தது.

அடுத்தது வழி. எண்ணை நோக்கிப் புறப்பட்ட சிறு பொதி எந்தெந்த இடங்களைக் கடந்து போகிறதென்று காட்டும் கட்டளையை ஓடவிட்டேன்; தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. வழி நன்றாயிருந்தும் ஒரே தளம் மட்டும் நின்றுபோகும் விசித்திரம் ஒன்று உண்டு. வீட்டு வலையில் ஒரு பொதி 1500 பைட் வரை சுமக்கும். நம் நாட்டு அகலப்பட்டைத் தொடர்புகள் பலவற்றில் அதன்மேல் 8 பைட் உறை ஒன்று ஏறுவதால் 1492 மட்டுமே எஞ்சும். பெரும்பாலான தளங்கள் வழியிலிருந்து வரும் அறிவிப்பால் இந்தக் குறுக்கத்தை அறிந்து அதற்கேற்ப அடங்கிப் போகின்றன. அந்த அறிவிப்பு வந்து சேரவொட்டாமல் தன் காவல் ஏற்பாட்டால் தடுத்துவிட்ட தளமோ பெரிய பொதிகளையே அனுப்பிக்கொண்டிருக்கும், அவை நடுவழியில் அழிந்துகொண்டிருக்கும், நாம் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். எட்டு பைட் வித்தியாசத்தில் ஒரு நூலகம் முழுவதும் கைக்கெட்டாமற்போகக்கூடும் என்பதை ஆசிரியர் வெகுநேரம் வியந்துகொண்டிருந்தார். எங்கள் விஷயத்தில் அதுவும் காரணமில்லை.

மிஞ்சியது நம்பிக்கை. தளம் தன்னை இன்னார் என்று நிரூபிக்கச் சான்றிதழ் ஒன்றை நீட்டுகிறது. அதற்கு ஜாமீன் நிற்கும் மூலச் சான்றிதழ் தன்னிடம் முன்பே இருந்தால்தான் கணினி அதை ஏற்கும். கடிகாரம் பிசகிப் பழைய ஆண்டைக் காட்டினாலும் இந்தச் சோதனை தவறும் என்பதால், முதலில் தேதியைப் பார்த்தேன், சரியாயிருந்தது. பிறகுதான் திரையில் வந்த அறிவிப்பை முழுதும் படித்தோம். ஆங்கிலத்தில், குறியீட்டெண்ணும் எச்சரிக்கை முக்கோணமுமாக இருந்த அதைத் தடையுத்தரவு என்றே அவர் எண்ணியிருந்தார். அப்படி எண்ணியவர்மேல் குற்றமில்லை, அந்த வாசகத்தை எழுதியவர்கள் எழுபது வயது தாண்டிய வாசகரை ஒருபோதும் மனத்தில் நினைத்திருக்கமாட்டார்கள்.

‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 2015 முதல் தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கி வருகிறது. சொற்பப் பணத்தில் நடக்கும் நூலகங்களுக்கும் கோயில் சபைகளுக்கும் அது பெரிய உபகாரம். தன் சொந்த மூலச் சான்றிதழ் உலகமெங்கும் பரவும்வரை, 2000ஆம் ஆண்டில் பிறந்த வேறொரு மூலச் சான்றிதழின் துணையோடு அது நடந்து வந்தது. அந்தத் துணை, முன்னரே குறித்த நாளில், 2021 செப்டம்பர் 30 அன்று, இயல்பாகவே காலாவதியாயிற்று. ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்ட கணினிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. வெகுநாளாகப் புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளும் கைப்பேசிகளும் உலகெங்கும் சில தளங்களை இழந்தன. ஆசிரியரின் கணினியும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தானே சுமந்து வரும் ஃபயர்பாக்ஸ் உலாவியை நிறுவிக் கொடுத்தேன். புத்தகங்கள் வந்துவிட்டன.

அன்றைக்கு எனக்குள் நிலைபெற்ற எண்ணம் ஒன்று உண்டு. பெயரில் பிழை, வழியில் பிழை, நம்பிக்கையில் பிழை, அதிகாரத்தின் தடை ஆகிய நான்கும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரியாகத்தான் காட்சியளிக்கின்றன. தளம் வரவில்லை, அவ்வளவுதான். இயந்திரக் கோளாற்றைத் தடையென்று நினைத்து ஒருவர் அஞ்சுவதும், தடையை இயந்திரக் கோளாறென்று நினைத்து இன்னொருவர் பேசாமல் இருந்துவிடுவதும் இதனால் நேர்கின்றன. இவ்விரண்டில் பின்னதையே நான் பெரிய தீங்கென்று கருதுகிறேன். அடைப்பது அவசியமென்று ஓர் அரசாங்கம் முடிவு செய்தால், எந்தச் சட்டப்பிரிவின்படி, யாருடைய உத்தரவால், எந்தத் தேதியில் அடைத்தோம், யாரிடம் முறையிடலாம் என்பதை, மலாயோடு தமிழிலும் சீனத்திலும், அந்தத் திரையிலேயே எழுதிவைக்கும் கடமை அதற்கு உண்டு.

இது வீண் கவலையில்லை என்பது 2024 செப்டம்பரில் தெரிந்தது. கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்றவற்றின் பொதுப் பெயர்ச்சேவைகளை வாடிக்கையாளர் தேர்ந்துகொண்டிருந்தாலும், அந்தக் கேள்விகளைத் தங்கள் சொந்தச் சேவையகங்களுக்கே திருப்பிவிட வேண்டுமென்று இணையச் சேவையாளர்களுக்குத் தொடர்பு பல்லூடக ஆணையம் பணித்தது. சூதாட்டம் முதலிய தீங்குகளிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், 8ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாமென்று ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார். அந்த வாரத்தில் ஆசிரியர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். “தம்பி, பேரு, வழி, சான்றிதழுன்னு அன்னைக்கு ஒண்ணொண்ணாப் பார்த்தோமே, இது மொத எடத்துலயே கைவைக்கிற காரியமாச்சே. கணினியும் கைப்பேசியும் ஒரே எடத்துல போயிக் கேட்டா, ரெண்டும் ஒரே மாதிரித்தானே சொல்லும்? நமக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

ஒரே வீட்டு வைஃபைக்குள் செய்யும் சோதனை அதற்குப் போதாது. வேறொரு நிறுவனத்தின் கைப்பேசித் தரவு வழியாகவும், முடிந்தால் வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மூலமாகவும் அதே பெயரைக் கேட்டு, வரும் எண்களை ஒப்பிட வேண்டும் என்றேன். எண்கள் மாறுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டென்பதை, பெரிய தளங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு எண் கொடுப்பதைக் காட்டி விளக்கினேன். அவருடைய நூலகத் தளத்தின் பெயரை இரண்டு வழியிலும் கேட்டோம், எண்கள் ஒத்திருந்தன. அடுத்த வாரமும் கேட்டுப் பார்த்துக் குறித்துவைப்போம் என்றார்.