உயிலங்குளத்து உதைபந்தாட்டப் பருவம்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தீவுக்குரிய பாலத்தை எட்டுமுன் வருவது உயிலங்குளம். திருக்கேதீச்சரம் தரிசிக்க விரைவோர் இவ்வூரில் வண்டியை நிறுத்துவதில்லை. சாலையின் இருமருங்கும் வயல்கள். அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து, அந்நீரைக் கால்வாய் வழியே கட்டுக்கரைக் குளத்துக்குக் கொணர்ந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பகிர்கின்றனர். நாம் வந்தது நீரைக் காண்பதற்கன்று. இவ்வூர் இளைஞரின் உதைபந்தாட்ட அணியை ஒரு பருவம் முழுதும் தொடர்ந்து காண்பதற்கு. ஆயினும் ஒன்றை விட்டு மற்றொன்றைக் காண இயலாது என்பதை முதல் மாதத்திலேயே அறிந்துகொண்டோம்.

காலபோக நெல்லை அறுத்து வீடு சேர்த்த பின்னரே பந்து வெளியே வருகிறது. யாவரும் 'அண்ணை' என்றழைக்கும் பயிற்றுநர், பங்குனி வெயில் தணிந்த மாலைகளில் காய்ந்து வெடித்த மண் தரையில் பிள்ளைகளை ஓட விடுவார். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த காலத்தில் இவ்வூரிலேயே சோதனைச் சாவடி இருந்தது. அன்று பாதை திறந்திருக்கும் நேரம் பார்த்தே நகருக்குப் புறப்பட வேண்டியிருந்ததை அவர் சொல்வார். இன்றோ அணி உழவு இயந்திரப் பெட்டியில் பாடிக்கொண்டு போகிறது!

மன்னாரில் உதைபந்தாட்டம் பெரிதும் கடற்கரையாரின் கலை. பள்ளிமுனை, பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு ஆகிய ஊர்களின் பிள்ளைகள் நடை பழகும் நாளிலேயே மணலில் வெறுங்காலுடன் பந்தைத் தட்டப் பழகிவிடுகின்றனர். பந்து அவர்கள் காலை விட்டு அகல்வதில்லை. வயற்புறத்துப் பிள்ளைகளுக்கோ வன்தரைப் பழக்கம். நீண்ட உதையும் நெஞ்சுரமுமே அவர்கள் முதல். பள்ளிமுனையில் ஆடிய அன்று, மணலில் கால் புதைந்து, இடைவேளைக்குள் மூன்று கோல்கள் வாங்கினர். அவ்வூரின் பெருக்கமரத்தை ஆட்டம் முடிந்த பின் போய்ப் பார்த்தோம். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். தோற்ற பிள்ளைகள் பதினொருவரும் கைகோத்தும் அதை முழுதாகத் தழுவிவிட்டார்களா என்று விவாதித்து, தோல்வியை மறந்தனர்.

ஆனி, ஆடியில் சோளகம் வீசத் தொடங்கியது. இக்காற்றில் உயர எழும் பந்து எங்கு விழுமென்று உதைத்தவனும் அறியான். அதே காலத்தில் சிறுபோக வயல்களுக்கு நீர் முறை வைத்துப் பாயும். முறை வந்தவன் வாய்க்காலை விட்டு அகல முடியாது. ஒரு ஞாயிறன்று மைதானத்துக்கு வந்து சேர்ந்தவர் எண்மரே. எழுவருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்க விதி இடமளியாது; ஆட்டத்தை விட்டால் புள்ளியும் போய்விடும். "எட்டுப் பேர் காணும், இறங்குங்கோ" என்றார் அண்ணை. பிற்பாதியில் காற்று நம் பக்கமாயிற்று. காவலன் உதைத்த பந்து நிலத்தில் ஒருமுறை எழும்பி, எதிரணிக் காவலனின் தலைக்கு மேலாக வலைக்குள் விழுந்தது. 3–1 எனத் தோற்றோம். ஆயினும் அந்த ஒரு கோலைப் பற்றி ஊர் ஒரு கிழமை பேசியது.

நீர் முறை ஒரு நாளில் முடிந்துவிடும். கட்டார் வேலைக்கு விசா வந்தால் ஆள் திரும்ப ஈராண்டாகும். ஆவணியில் அணியின் நடுமுன்னணி வீரன் அவ்வாறு புறப்பட்டான். தாய்க்குக் கடன் இருந்தது. அவனைத் தடுக்க எவருக்கும் வாயில்லை. ஆட்டத்தினாலேயே வெளிநாடு கண்டவர்களும் இம்மாவட்டத்தில் உண்டு. மன்னாரின் மைந்தரான டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணிக்கு ஆடியவர். மாலைதீவுக் கழகமொன்றுக்கு ஆடச் சென்றிருந்தபோது 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். அவர் பெயரை இப்பிள்ளைகள் சொல்லும்போது குரல் தாழ்கிறது.

புறப்பட்டவனின் ஒன்பதாம் இலக்கச் சட்டை பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் கிடைத்தது. முழங்கால்வரை தொங்கிய அதனை அவன் தமக்கை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். புரட்டாசியில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவன் கோல் அடிக்கவில்லை. அடிக்கக் கிடைத்த ஒன்றைக் கம்பத்தில் மோதினான். அணி பட்டியலின் கீழ்ப்பாதியில் நின்றது.

ஐப்பசியில் வாடைக்காற்று மழையைக் கொணர்ந்தது. கோல் கம்பங்கள் கணுக்கால் நீரில் நிற்கின்றன. அண்ணை விதைநெல் மூட்டையைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறார்.