பார்சன்ஸ் தெருவின் பழைய பட்டறை

அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரிலிருந்து சிகாகோவுக்குச் செல்லும் இரயில் பாதையில், ஏறத்தாழ நடுவழியில் கலமசூ என்றோர் ஊர் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தைச் சார்ந்தது. ஒரு காலத்தில் செலரி என்னும் கீரைத்தண்டுக்கும், பின்னர் காகித ஆலைகளுக்கும் பெயர் பெற்று விளங்கியது. இசை வல்லோர்க்கோ அவ்வூர் வேறொரு காரணத்தால் பழக்கமானது. பார்சன்ஸ் தெருவில், 225ஆம் இலக்கத்தில், 1917ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட செங்கற் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. உலகம் பெரிதும் போற்றும் மின்கித்தார்களுள் பல அக்கட்டடத்தில் பிறந்தவையே.

மின்கித்தார் என்றவுடன் நம் இல்லங்களில் பெரியவர்கள் முகஞ்சுளிப்பதுண்டு. காதைத் துளைக்கும் ஓசையும், தலைமயிர் வளர்த்த இளைஞர்களுமே அவர்கள் நினைவுக்கு வருவர். ஓசையைச் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, அக்கருவியைச் செய்யும் கைகளை மட்டும் இன்று நோக்குவோமா?

ஆர்வில் கிப்சன் என்பார் காலணிக் கடையில் எழுத்தராயிருந்து கொண்டே, ஓய்வு நேரத்தில் மரம் செதுக்கியவர். வயலினின் மேற்பலகை குவிந்திருப்பதைப் போல மாண்டலினுக்கும் கித்தாருக்கும் குவிந்த பலகை அமைத்து, 1898இல் காப்புரிமையும் பெற்றார். அவர் பெயரால் 1902இல் ஒரு நிறுவனம் கலமசூவில் தோன்றிற்று. அதன் ஆலையே பார்சன்ஸ் தெருக் கட்டடம். இரண்டாம் உலகப்போரின்போது ஆடவர் போர்முனைக்குச் செல்லவே, ஊர்ப் பெண்கள் உளியும் உப்புத்தாளும் ஏந்தி அங்கே கித்தார் செய்தனர். அவர்கள் கைப்பட்ட கருவிகளை இன்று வல்லுநர்கள் தேடித் திரிகின்றனர்.

1936இல் இந்நிறுவனம் மின்னால் ஒலிக்கும் கித்தாரை விற்கத் தொடங்கியது. ஆயினும் அது உட்குடைவான பெட்டி. ஒலிபெருக்கியின் ஓசை திரும்பி வந்து அப்பெட்டியை அதிர வைக்க, ஊளையிடும். இதற்கு மாற்றுத் தேடிய லெஸ் பால் என்ற இசைக்கலைஞர், 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயார்க்கில் எபிஃபோன் என்னும் மற்றொரு நிறுவனத்தின் பட்டறையை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவலாகப் பெற்றார். (ஞாயிறு ஓய்வைப் பற்றி வாதிட நாம் இங்கு வரவில்லை!) நான்கு அங்குலச் சதுரமான பைன் மரக்கட்டை ஒன்றில் கழுத்தைப் பொருத்தி, கம்பிகளைக் கட்டி, பார்வைக்காக ஒரு கித்தாரின் உடலை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டினார். அதைக் கிப்சன் நிறுவனத்தாரிடம் காட்டியபோது அவர்கள் ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்து வந்த லியோ ஃபெண்டர் 1950இல் கட்டை உடல் கித்தாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே கலமசூ விழித்துக்கொண்டது. 1952இல் லெஸ் பாலின் பெயர் தாங்கிய கித்தார் வெளிவந்தது. மகோகனி மரத்தில் உடல். அதன்மேல் குவியச் செதுக்கிய மேப்பிள் பலகை.

அது பேசும் விதத்தை அறிந்தால் வியப்போம். கம்பிகளின் கீழே காந்தமும், அதைச் சார்ந்து தலைமயிர் போன்ற செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதனைப் பிக்-அப் என்பர். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலங்கிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. ஆனால் சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் உறுமலையும் அச்சுருள் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். திருவிழாவன்று ஒலிபெருக்கியைப் போட்டவுடன் ஓர் உறுமல் கேட்குமே, அதைப் போன்றது. அந்நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். காந்த முனைகளும் எதிரெதிரானவை. ஆகவே கம்பியின் ஒலி இரண்டிலும் ஒன்றுகூட, உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்கு 1959இல்தான் கிடைத்தது. ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5000 சுற்றுகள் உண்டு. அக்காலத்தில் இந்த எண்ணிக்கை சற்றே கூடியும் குறைந்தும் போயிற்று. ஆதலால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு இல்லை.

கழுத்தின் மேல் பதிக்கும் மெட்டுகளோ கணக்கனின் வேலை. நம் வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டு நகர்த்திச் சீராக்குவர். கித்தாரில் அங்ஙனம் நகர்த்த இயலாது. இரம்பத்தால் அறுத்த பள்ளம் பிழையானால் பலகையே வீண். கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே சென்றால் பன்னிரண்டாவது மெட்டு சரியாக நடுவில் வந்து நிற்கும். பழைய கைவினைஞர் 18ஆல் வகுத்தனர். அந்த விகிதத்தை லியூட் என்னும் கருவிக்காக 1581இல் நூலில் எழுதியவர் வின்சென்சோ கலிலேய். வானியலறிஞர் கலிலேயோவின் தந்தை அவரே. மெட்டுகள் பதியும் பலகைக்கு முன்னர் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தை விரும்பினர். அது அரிதாகவே, 1960களின் பிற்பகுதி முதல் அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் இந்திய ஈட்டி அவ்விடத்தைப் பிடித்தது.

கலமசூவில் செய்த கருவிகளைச் செப்பனிடுவதே இன்று பல சிறு பட்டறைகளுக்குத் தனித்தொழில். அவற்றின் தலைப்பகுதி ஏறத்தாழ 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். தலையும் கழுத்தும் ஒரே மரம். உள்ளே ஓடும் எஃகுக் கம்பியின் திருகுக்காக, மரம் மெலிந்துள்ள அதே இடத்தில் பள்ளமும் தோண்டியிருப்பர். கருவி மல்லாந்து விழுந்தால் அவ்விடமே முறியும். முறிவு சுத்தமாயிருப்பின், நம் தச்சர்கள் வச்சிரம் எனும் பசையைக் காய்ச்சித் தடவி, இறுகப் பிணித்து, உலரும்வரை தொடாமல் வைப்பர். ஒட்டிய இடம் உறுதியாகவே நிற்கும். விலைதான் பெரிதும் இறங்கிவிடும்.

மெருகைப் பற்றி ஒரு சொல். அக்காலத்து லாக்கர் மெருகு ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளிக்கும். குளிரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். அதை உரசியெடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. நல்ல பட்டறைக்காரர் மறுத்துவிடுவார். அவர் மறுப்பது சரியென்றே நமக்குத் தோன்றுகிறது. இதனினும் இடர் நிறைந்தது மற்றொன்று. 1958 முதல் 1960 வரை செவ்வொளி வண்ணத்தில் வந்த லெஸ் பால் கித்தார்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அன்று வாங்குவாரின்றிக் கிடந்தவை, இன்று சில இலட்சம் டாலருக்குப் போகின்றன. எனவே 1952 முதல் 1957 வரை வந்த பொன்வண்ணக் கித்தார்களைப் பிரித்து, அந்த அரிய வகையைப் போலவே மாற்றியமைப்போர் தோன்றினர். மாற்றியது என்று எழுதிக் கொடுத்தால் அது நயமான கைவேலை. சொல்லாமல் விற்றால் களவு. இரண்டுக்கும் உளி ஒன்றே.

பார்சன்ஸ் தெருவுக்குத் திரும்புவோம். நிறுவனத்தின் உரிமை 1960களின் இறுதியில் கைமாறிற்று. 1970களின் நடுவில் தென்புலத்து நாஷ்வில் நகரில் புதிய ஆலை எழுந்தது. வேலை சிறிது சிறிதாக அங்கே நகர்ந்தது. 1984 செப்டம்பரில் கலமசூ ஆலையின் கதவு மூடப்பட்டது. ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் அப்பால் குடிபெயர்ந்தால்தான் பிழைப்பு. பிள்ளைகளின் பள்ளி, அடைத்து முடியாத வீட்டுக் கடன், பக்கத்துத் தெருவில் முதிய பெற்றோர் என்று நம்மில் யாருக்கேனும் அந்நிலை நேர்ந்தால் இரவில் உறக்கம் வருமா?

ஜிம் டூர்லூ, மார்வின் லாம், ஜே. பி. மோட்ஸ் முதலான சிலர் போகவில்லை. 1950களில் இளைஞராய் அந்த ஆலையில் நுழைந்து, தொழிலைப் படிப்படியாகக் கற்றவர்கள் அவர்கள். டூர்லூ ஆலையின் மேலாளராகவும் இருந்தவர். குடும்பங்களை வேரோடு பிடுங்க மனமின்றி, 1985இல் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் தாமே ஒரு பட்டறை தொடங்கினர். அப்பெயருக்கு மரபுரிமை என்று பொருள். பழைய ஆலையின் இயந்திரங்களுள் சிலவற்றை விலைக்கு வாங்கி, அதே கட்டடத்தின் ஒரு பகுதியிலேயே அமர்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் உழைத்த கூடத்தில் இப்போது ஒரு சிறு கூட்டம். பெரு நிறுவனத்துக்கு நிகராக விற்க அவர்களால் இயலவில்லை. பணத்துக்கு நெருக்கடி வந்த ஆண்டுகளும் உண்டு. எனினும் கழுத்தைப் பசையிட்டு உடலில் பதிப்பதும், மேற்பலகையைக் குவியச் செதுக்குவதும் தாம் கற்றபடியே நடந்தன.

2016இல் அப்பட்டறை வேறு உரிமையாளர் வசம் சென்றது. தொடங்கியவர்கள் முதுமையடைந்தனர். ஆனால் முகவரி மாறவில்லை. 225, பார்சன்ஸ் தெரு என்று எழுதினால், கலமசூ அஞ்சற்காரர் கித்தார்ப் பட்டறையின் வாயிலிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்.