மூன்று கண்ணாடிகள்

பழைய காமிரா லென்ஸ்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நண்பர்கள் முதலில் கேட்பது, அதற்குள் எத்தனை வில்லைகள் என்பதே. எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கோ மூன்று, நான்கு வில்லைகளோடு நின்றுவிட்ட லென்ஸ்கள்மீதுதான் பிரியம்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த குக் நிறுவனத்தில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர், 1893இல் மூன்று வில்லை லென்ஸை வடிவமைத்தார். சம வலிமையுள்ள குவிவில்லையையும் குழிவில்லையையும் ஒட்டிவைத்தால் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். சற்றே விலக்கி வைத்தால் ஒளி குவியும். பிம்பத்தின் வளைவு மட்டும் அழிந்தபடியே இருக்கும். குவிவில்லையை இரண்டாக்கிக் குழிவில்லையின் இருபுறமும் நிறுத்தினார் டெய்லர். ஆறு பரப்புகளின் வளைவு, இரண்டு இடைவெளிகள். மாற்றிப்பார்க்கக் கிடைப்பவை இந்த எட்டுதான். குவியத்தூரத்திற்கு ஒன்று போக, எஞ்சிய ஏழும் ஏழு அடிப்படைப் பிழைகளைத் திருத்தச் செலவாகிவிடுகின்றன. கையில் மிச்சமில்லை, கடனும் இல்லை.

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். ஆறு பரப்புகளைக் கடந்தால் 78 சதவீதம் மிஞ்சும். எட்டைக் கடந்தால் 72. திரும்பிய ஒளி உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தின்மேல் மூட்டமாகப் படியும். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இல் உருவாக்கிய பிளானாருக்கு எட்டுப் பரப்புகள். அவரே 1902இல் தந்த டெஸ்ஸாரில் நான்கு வில்லைகள், பின்னிரண்டும் ஒட்டியவை. ஆகவே ஆறே பரப்புகள். டெஸ்ஸார் உடனே பரவியது. பிளானார் வகை செழிக்க, 1935இல் ஸ்மகுலா கண்டறிந்த ஒளியெதிர்ப்புத் தடுப்புப் பூச்சு வரவேண்டியிருந்தது.

என்னிடமுள்ள சோவியத் இன்டஸ்டார் 50 டெஸ்ஸாரின் வழித்தோன்றல். முழுத் துளையில் அதன் ஓரங்கள் தளர்ந்துவிடும். அகன்ற கோணத்துக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் கூடுதல் வில்லைகள் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஜன்னலோரம் அமர்ந்த ஒரு முதிய முகத்தை எடுக்க அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருந்ததில்லை. கண்கள் தெளிந்து நிற்கும். ஜன்னல் கம்பிகள் மெல்லக் கரையும்.

டெய்லர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். காலத்தால் பரப்பு நிறம்மாறிய வில்லைகள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்தின. பிற்காலப் பூச்சுகளுக்கு முன்னோடியான அவதானிப்பு அது. ஆகவே, பழைய கண்ணாடியில் மெல்லிய நீலம் படர்ந்திருந்தால் வாங்குவதற்கு நான் தயங்குவதில்லை.