முறை தவறாத காவல்

காரியாபட்டி வட்டாரத்தில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் மழையை வேண்டியே பார்ப்பார்கள். அந்தக் கரிசல் மண்ணில் பிறந்து இராணுவத்தில் சேர்ந்த ஒருவர், வானத்திலிருந்து விழுவதைக் கண்டு அஞ்சக் கற்றது சியாச்சின் பனிமலையில்தான்.

1984 ஏப்ரல் முதல் நம் வீரர்கள் காவல் காக்கும் மலை அது. குளிர்காலத்தில் குளிர் சுழியத்துக்குக் கீழே 50 பாகை வரை இறங்கும். கூடாரத்தின் கூரையில் பனி படிந்தால் கம்புகள் முறியும். சுற்றிலும் ஏறினால் காற்றுத்துளை அடைபடும். உள்ளே எரியும் மண்ணெண்ணெய் அடுப்பின் நச்சுக்காற்றுக்கு மணமில்லை. உறங்குபவர் உறங்கியபடியே மாண்டுபோவர். ஆகவே இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்து எழுவர். முதலில் காற்றுத்துளை, பிறகு வாசல், அதன்பின் கூரை. ஒரு பக்கமே வாரினால் பாரம் சாய்ந்து கூடாரம் சரியும். இருபுறமும் மாறி மாறி வாரவேண்டும்.

ஓர் இரவு அவருடைய முறை வந்தது. அவர் எழவில்லை. பத்ரிநாதர் கோயில்கொண்ட கார்வால் மலைநாட்டைச் சேர்ந்த தோழர், அவரை எழுப்பாமல் இருவர் முறையையும் தாமே செய்தார். விடிந்தபோது கூடாரத்திலிருந்த ஐவரும் உயிரோடிருந்தனர். தோழரின் வலக்கை விரல்கள் இரண்டு மட்டும் கறுத்திருந்தன. பின்னர் அவற்றை அகற்ற நேர்ந்தது. “அயர்ந்து தூங்கினாய், தம்பி, எழுப்ப மனம் வரவில்லை” என்றார் அவர். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மலையடிவார முகாமில் ஓ.பி. பாபா கோயில் இருக்கிறது. தனித்து நின்று எல்லையைக் காத்ததாகப் போற்றப்படும் ஓம் பிரகாஷ் என்னும் வீரரின் நினைவில் எழுந்தது அது. மேலே ஏறுமுன் வீரர்கள் அங்கே வணங்கி விடைபெறுவர். இறங்கியதும் வந்து தெரிவிப்பர். அம்முறை இறங்கி வந்து நின்றபோது, ‘எல்லோரும் நலம்’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அரிவாளேந்தி இரவெல்லாம் விழித்திருக்கும் எல்லைக் கருப்பசாமியின் சன்னிதியை நாள்தோறும் வைகறையில் அவரே கூட்டுகிறார். இங்கே பனியில்லை, புழுதியும் வேப்பஞ்சருகும்தான்.

“தினமும் நீங்களே வரவேண்டுமா, ஐயா? ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்வோமே” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு.

“என் முறை ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது, தம்பி” என்பார் அவர்.